என்ன சண்டை, என்ன தமிழ்!

திட்டுவதற்கும் நல்ல தமிழ் வேண்டும் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கைக்கு வயிறாரத் தீனி போட்டவை, கிட்டத்தட்ட முந்நூறு வருடம் பழைய சில சமயச் சண்டை நூல்கள். தரங்கம்பாடி லுத்தேரப் பாதிரிமார்கள் கத்தோலிக்கரைத் தாக்கி எழுதினார்கள். கத்தோலிக்கர் பக்கம் நின்று வீரமாமுனிவர் திருப்பி அடித்தார். அந்தப் பக்கம் ஜெர்மானியர்கள், இந்தப் பக்கம் ஒரு இத்தாலியர். சண்டை நடந்ததோ தமிழில்! இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒருவிதக் கிறுக்கே பிடித்துவிட்டது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகம் எதைப் பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. இன்றைக்கு நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்த வீரமாமுனிவர் யார்? தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர், பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து மடச் சீடர்களையும் படைத்தவர். அந்த வயதில் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஒருநாள், "தம்பி, உங்க முனிவர் எப்படிச் சண்டை போடுவார்னு பாத்திருக்கியா?" என்று கேட்டு, ஓரமெல்லாம் பொடிந்த ஒரு பழைய பதிப்பைக் கையில் கொடுத்தார். வேதவிளக்கம். 1728இல் எழுதியது.

அந்தக் கோடையில் கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை ஏறும் பஸ்ஸில் அதைப் பிரித்தேன். வளைவுக்கு வளைவு தலை சுற்றியது. புத்தகத்தை மூட மனம் வரவில்லை. வெள்ளிமலையில் இறங்கி, கரியாலூரில் தங்கி, குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு மீதியை வாசித்தேன். "என்ன சார், தனியா சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று டீ கொண்டுவந்த பையன் கேட்டான். "ஒரு சாமியார் இன்னொரு சாமியாரைக் கிழிகிழின்னு கிழிக்கிறாருப்பா" என்றேன். அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். பழைய தமிழ்தான். ஆனாலும் யார் யாரை வாங்கு வாங்கென்று வாங்குகிறார் என்பது அவனுக்குப் புரிந்தது. இதற்குமேல் ஒரு உரைநடைக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

கதையின் வேர் நம் ஊரில் இல்லை. 1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் ரோமாபுரியின் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்துக் கிளம்பினார். அவர் வழி வந்தவர்களே லுத்தேரர்கள். அச்சு இயந்திரம் கைவசம் இருந்ததால் தெருவுக்குத் தெரு துண்டு நூல்கள் பறந்தன. 1521இலேயே கிறிஸ்துவையும் போப்பாண்டவரையும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்திக் கேலி செய்த படநூல் ஒன்று லூக்காஸ் கிரானக்கின் பட்டறையிலிருந்து வந்தது. கத்தோலிக்கரும் சும்மா இருக்கவில்லை. 1545 முதல் 1563 வரை திரெந்து நகரில் சங்கம் கூட்டிப் பதில் வகுத்தார்கள். அந்த நெருப்பு கப்பல் ஏறி நம் கடற்கரைக்கும் வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த புராட்டஸ்டண்ட் டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டே விரட்டினார்கள். அங்கே கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற கத்தோலிக்கக் குரு மறைந்து வந்து ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் வந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி டச்சுச் சபையோடு மல்லுக்கு நின்றார்.

இந்தக் கரையில் 1706 ஜூலை 9ஆம் தேதி, டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய லுத்தேரப் பாதிரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். வயது இன்னும் இருபத்துநாலுகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து பழகினார். இரண்டே வருடத்தில், தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விரிவான பட்டியல் போட்டார். அதில் இந்து நூல்கள் உண்டு, இஸ்லாமிய நூல்கள் உண்டு, கத்தோலிக்க நூல்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு! எதிராளியின் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, படித்து, அவற்றிலிருந்து கிறிஸ்தவத் தமிழைக் கற்றுக்கொண்டு, பிறகு அதே தமிழால் அவர்களை எதிர்த்தவர் அவர். இதைப் படித்தபோது எழுந்து நின்று கை தட்டத் தோன்றியது. எதிரியைத் திட்டுவதற்கு முன்னால் எதிரியை முழுசாக வாசிக்கும் ஒழுக்கம் இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது?

வீரமாமுனிவர் என்ற கொன்ஸ்தந்தீன் யோசேப்பு பெஸ்கி 1680இல் பிறந்தவர். சீகன்பால்குவைவிட இரண்டு வயது மூத்தவர். 1710இல் கோவாவுக்கு வந்து, அடுத்த வருடம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தார். சீகன்பால்கு 1719இலேயே இறந்துவிட்டார். ஆகையால் சண்டை சூடுபிடித்தது அவருக்குப் பின்னால் வந்தவர்களோடுதான். 1720களில் லுத்தேரர் சபை தரங்கம்பாடியைத் தாண்டித் தஞ்சாவூர்ச் சீமைக்குள் பரவத் தொடங்கியது. ஏலாக்குறிச்சியை மையமாக வைத்து வேலை செய்துகொண்டிருந்த பெஸ்கியின் வாசலுக்கே அது வந்துவிட்டது.

லுத்தேரர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். போப்பாண்டவருக்கு அத்தனை அதிகாரம் யார் கொடுத்தது? மாதாவிடமும் புனிதர்களான அர்ச்சியசிஷ்டர்களிடமும் போய் வேண்டிக்கொள்வது எதற்கு? சுரூபம் வைத்துக் கும்பிடுகிறீர்களே, பத்துக் கற்பனை என்ன சொல்கிறது? செத்தபின் பாவக் கறை தீர உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று வேதத்தில் எங்கே இருக்கிறது? பூசையை லத்தீனில் சொன்னால் குடியானவனுக்கு என்ன விளங்கும்? வேத புத்தகத்தை ஜனங்கள் கையில் கொடுக்காதது ஏன்? ஒவ்வொன்றும் நெஞ்சுக்கு நேரே வருகிற கேள்வி.

கத்தோலிக்கர் பதில்களும் லேசுப்பட்டவை அல்ல. சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம் மரத்துக்கும் மண்ணுக்கும் அல்ல, அது யாரைக் காட்டுகிறதோ அவரைப் போய்ச் சேரும் என்றார்கள். அப்போஸ்தலர் காலந்தொட்டு வேதத்தைக் காத்து வந்ததே திருச்சபைதான், நேற்று முளைத்த லுத்தருக்கு அதை விளக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டார்கள். தரங்கம்பாடியிலிருந்து 'திருச்சபை பேதகம்' என்ற நூல் வந்தது. அதற்குப் பெஸ்கியின் மறுப்பு 'பேதகமறுத்தல்'. அது போதாதென்று 'லுத்தேரினத்தியல்பு' என்று இன்னொன்றும் எழுதினார். தலைப்பைப் பார்த்தாலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது!

ஏட்டில் படித்த இந்தச் சண்டையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எங்கள் பக்கம் வாருங்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில் மங்கலம்பேட்டைப் பக்கம் கோணான்குப்பம் இருக்கிறது. மாவட்டக் கணக்கில் அது கடலூர். எங்களுக்கோ பக்கத்துக் கோயில். பெஸ்கி எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில் அங்கேதான். முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயரின் உதவியோடு கட்டியது என்று ஊரார் சொல்வார்கள். உள்ளே போனால் மாதா சேலை உடுத்தி நிற்கிறாள். பெயரைப் பாருங்கள், பெரியநாயகி! ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சாமியார், நடுநாட்டுக் குடியானவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய பெயரைத் தூக்கி மாதாவுக்கு வைத்துவிட்டார். ஜனவரித் திருவிழாவில் தேர் கிளம்பும்போது வேதவிளக்கத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். மேளம், பூமாலை, மெழுகுவத்தி, மொட்டை, நேர்த்திக்கடன். இது நம்ம ஊர் பக்தி என்கிறது ஒரு கட்சி. இதுதான் நீங்கள் விட்டுவந்ததாகச் சொன்ன பழக்கம் என்கிறது இன்னொரு கட்சி. அந்த வாதம் முழுதும் என் கண்ணெதிரே சக்கரம் கட்டி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு கட்சிக்கும் மாறி மாறித் தலையாட்டினேன். அந்த மாதிரி ஒரு சுகம் வேறு எந்தத் திருவிழாவிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆயுத விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். லுத்தேரர்களிடம் அச்சுக்கூடம் இருந்தது. லண்டனிலிருந்து இயந்திரம், ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள். அந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதத்துக்கே பட்டறை போட்டார்கள். 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பெஸ்கியிடம் இருந்ததோ ஓலையும் எழுத்தாணியும், படியெடுக்கும் சீடர்களும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டு இந்திய மொழி அச்சுக்கே பிள்ளையார் சுழி போட்ட கத்தோலிக்கருக்கு, பெஸ்கி காலத்தில் தமிழ்நாட்டில் அச்சுக்கூடம் இல்லை. தேம்பாவணியே 1850களில்தான் புதுச்சேரியில் அச்சேறியது. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் கையெழுத்து. ஆனாலும் கையெழுத்துக்காரர் தோற்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாத ஆச்சரியம்!

அச்சுக்கு இருந்த பலமும் கொஞ்சமல்ல. தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர் கையில் தரங்கம்பாடி அச்சுப் புத்தகம் கிடைக்கிறது. படிக்கிறார், யோசிக்கிறார், 1720களின் கடைசியில் லுத்தேரர் பக்கம் போய்விடுகிறார். போனதோடு நிற்காமல் அங்கே உபதேசியாராகவும் ஆகிறார். பெரிய கூட்டமும் பிரசங்கமும் இல்லாமல், அச்சடித்த தாள் ஒரு சிப்பாயை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய்விட்டது. பெஸ்கிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கோபம் வந்தவர் எங்கே அடித்தார் தெரியுமா? தமிழில் அடித்தார்! உங்கள் கொள்கை இருக்கட்டும், முதலில் உங்கள் தமிழைப் பாருங்கள் என்றார். தரங்கம்பாடி வேதாகமத்தின் தமிழ் நடையை வேதவிளக்கத்தில் அவர் கேலி செய்கிற இடம் இருக்கிறதே, அதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். தேவ வார்த்தையை இப்படிக் கொச்சையாக்கி ஜனங்கள் கையில் கொடுப்பதா என்பது அவர் ஆத்திரம். ஏழைக்கும் எளியவனுக்கும் விளங்க வேண்டுமே என்பது லுத்தேரர் நியாயம். கவனித்தீர்களா? போப்பாண்டவரில் தொடங்கிய சண்டை, எது நல்ல தமிழ் என்ற சண்டையாக மாறிவிட்டது. இன்றைக்கும் பத்திரிகை அலுவலகங்களில் நாம் போட்டுக்கொள்கிற அதே சண்டை!

இதைத் தனியாக ரசித்து அடங்காமல் இரண்டு பெரியவர்களைக் கூட்டி உட்கார வைத்தேன். ஒருவர் எறையூர்ப் பக்கத்து ஆர்.சி. உபதேசியார். இன்னொருவர் திருக்கோவிலூரில் லுத்தரன் சபைக்காரர். அந்த ஊரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி என்றால் தெரியாதவர் கிடையாது. இருவரும் பல வருடச் சிநேகிதர்கள். வேதவிளக்கத்திலிருந்து நான் வாசிக்க வாசிக்க உபதேசியார் தொடையைத் தட்டினார். "அப்படிப் போடு சாமி!" மற்றவர் விடவில்லை. "அண்ணே, நல்லாத்தான் எழுதறாரு, ஒத்துக்கறேன். ஆனா எங்காளு கேட்ட கேள்விக்கு இதுல பதில் எங்க இருக்கு? தமிழ் சரியில்லன்னா கேள்வி தப்பாயிடுமா?" உபதேசியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதில் அடுத்த பக்கத்துல இருக்கும், நீ படி தம்பி" என்றார். சாயங்காலம் வரை ஓடியது. பங்காளி வீட்டுச் சண்டை மாதிரி குரல் உயரும், நடுவில் முறுக்கும் வரும். வாதம் செய்து களைத்த இரண்டு பேரின் முகத்திலும் அப்படி ஒரு திருப்தி.

பெஸ்கி தமிழில் கொடுத்த அந்த அடியின் பலன் எங்கே போய் முடிந்தது என்று பார்த்தால் இன்னும் அழகு. லுத்தேரர்கள் தங்கள் தமிழைத் திருத்திக்கொண்டே போனார்கள். 1740இல் வந்த பப்ரீசியுஸ் வாழ்நாளில் பெரும்பகுதியை வேதாகம மொழிபெயர்ப்பைச் செப்பனிடுவதற்கே கொடுத்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சானது. லுத்தேரர் குடும்பங்களில் அதைப் பொன்னாகப் போற்றினார்கள். அந்த வேப்பேரி அச்சு இயந்திரத்தின் பூர்வீகம் தெரியுமா? 1761இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் புதுச்சேரியைப் பிடித்தபோது தூக்கிவந்த இயந்திரம் அது! கத்தோலிக்கப் புதுச்சேரியிலிருந்து வந்த இயந்திரம் லுத்தேரர் வேதத்தை அச்சடித்தது.

இதையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. பேச்சுத் தமிழுக்குப் பெஸ்கி லத்தீனில் ஒரு இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம். அது 1738இல் அச்சானது. எங்கே? தரங்கம்பாடியில். லுத்தேரர் அச்சுக்கூடத்தில்! பெஸ்கி உயிரோடு இருக்கும்போதே! வேதவிளக்கம் எழுதிப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. வேதத்தில் இவர் எங்கள் விரோதி, தமிழில் இவர் எங்கள் வாத்தியார் என்று அந்த ஜெர்மானியர்கள் செயலிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு வரியை யாரிடம் சொன்னாலும் எனக்குக் குரல் கம்மும். சண்டை போட்டவனின் புலமையை மறைக்காமல், சொந்தக் காகிதமும் சொந்த மையும் செலவழித்து ஊருக்குக் கொடுப்பதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடுகிறேன் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விட மாட்டேன். இந்த நூல்களில் வசவு உண்டு, வன்மம் உண்டு. இரண்டு கட்சியும் சேர்ந்து இந்து சமயத்தை 'அக்கியானம்' என்று ஒதுக்கிய திமிரும் உண்டு. எல்லாவற்றையும்விட உறுத்துவது சாதி. போப்பாண்டவரையும் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் துருவித் துருவிக் கேட்டவர்கள், கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காருவதை அந்தக் காரத்தோடு கேட்கவில்லை. பெஸ்கியின் இயேசு சபையார் மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று பிரித்து வைத்திருந்தார்கள். தரங்கம்பாடிக் கோயிலிலும் தனித்தனி இடம்தான். அதன் மிச்சத்தை எங்கள் மண் ரத்தம் சிந்திப் பார்த்திருக்கிறது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது மூண்ட மோதலும் துப்பாக்கிச் சூடும் யாரும் மறந்ததல்ல. கேட்க வேண்டிய கேள்வியை அந்தக் காலத்துச் சூரர்கள் பாதியில் விட்டுப் போனார்கள்.

அப்படியானால் எதற்கு இத்தனை கொண்டாட்டம்? உரைநடைக்காக! செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், குற்றச்சாட்டை எடுத்துவைத்து, காரணம் காட்டி, உதாரணம் சொல்லி, எதிராளியை மடக்குகிற தமிழ் வசனத்துக்கு இந்தச் சண்டைக்காரர்கள் உடற்பயிற்சி கொடுத்தார்கள். அதே பயிற்சியை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கையில் எடுத்து, சொந்த அச்சுக்கூடம் வைத்து, 1854இல் 'சைவதூஷணபரிகாரம்' எழுதி மிஷனரிமார்களையே மடக்கியது தனிக் கச்சேரி. அவர்கள் ஆயுதம் அவர்கள் பக்கமே திரும்பியது.

முதலில் வேதவிளக்கத்தைப் பழைய நூலகங்களில் தேடிப் பிடியுங்கள். சந்தியும் பழைய சொல்லும் முதல் சில பக்கம் முரண்டு பிடிக்கும். வாய்விட்டுப் படித்தால் வழிக்கு வந்துவிடும். ஒருநாள் கோணான்குப்பத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் தரங்கம்பாடிக்குப் போங்கள். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. இரண்டையும் பார்க்காமல் எந்தக் கட்சியிலும் சேராதீர்கள். கூட ஒரு எதிர்க்கட்சிக்காரரைக் கூட்டிப் போனால் இன்னும் உத்தமம்.

அந்த ஜெர்மன்காரர்களும் ஒரு இத்தாலிக்காரரும் தங்கள் ஊர்ச் சண்டையைத் தங்கள் பாஷையிலேயே போட்டு முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், கழனியில் நிற்கிறவனையும் படையில் நிற்கிறவனையும் கூப்பிட்டு, அவன் தமிழிலேயே வழக்கை வைத்து, தீர்ப்பை அவன் கையில் கொடுத்தார்கள். தமிழ் வாசகனுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை அந்த நூற்றாண்டில் வேறு யார் செய்தார்கள்? எனக்கு ஒருவரும் தென்படவில்லை. தென்பட்டால் வாருங்கள், சண்டை போடலாம்.